ஏரி கறுத்த வருடம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. இடது காதுதான் பிடிவாதம் பிடிக்கிறது. உன் இருமல் போயிற்றா? போன கடிதத்தில் மலையில் பெய்த மழையின் கணக்கு மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது, இருமலைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு சேதி. சிரிக்கக் கூடாது. நான் படிக்கிறேன். அஞ்சல் வழியில், சுற்றுச்சூழல் கொள்கையில் முதுகலைப் பட்டம். சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. தோற்றால் யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றுதான் சொல்லவில்லை. முதல் வருடம் தேறிவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

குடிநீர் அலுவலகத்தின் புகார் மேசையில் பதினாலு வருடம் உட்கார்ந்தாயிற்று. குழாயில் மண் வருகிறது, மஞ்சளாக வருகிறது, வரவே இல்லை என்று வருகிறவர்களை எல்லாம் பதிவேட்டில் எழுதி, எண் போட்டு, மேலே அனுப்புகிறேன். மேலே போனது என்ன ஆகிறது என்று இதுவரை தெரிந்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். மாதம் ஒரு பழுப்பு உறையைத் தபால்காரர் வாசலில் தொப்பென்று வைக்கிறார். "என்னம்மா, செங்கல் வரவழைக்கிறீங்களா?" என்று கேட்டார். உன் மாப்பிள்ளை பஸ் பணிமனையிலிருந்து வந்ததும் மகளிடம், "இனிமே உங்கம்மாகிட்ட மனுப் போட்டுத்தான் சாப்பாடு கேக்கணும்" என்கிறார். ஆனால் நான் படிக்கும் நேரத்தில் பாத்திரம் கழுவுவது அவர்தான். அதை வெளியே சொல்லாதே.

இந்த வருடம் ஆய்வேடு. தெரிந்த நீர்நிலை ஒன்றை எடுத்து, அது எப்படிக் கெட்டது, எந்த விதி இருந்திருந்தால் கெட்டிருக்காது என்று எழுத வேண்டும். நான் வேறு எதை எடுப்பேன்? காகித ஆலைக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த நம் ஏரிதான். "அந்தக் காலத்தில் ஏரி மிக நன்றாக இருந்தது" என்று ஆரம்பித்து அனுப்பினேன். வழிகாட்டிப் பேராசிரியர் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "யார் சொன்னது? எதுவரைக்கும்? ஆதாரம்?"

அப்போது எனக்குப் பத்து வயது, உனக்குப் பதினேழு. என்னிடம் இருக்கிற ஆதாரம் நீதான். எந்த வருடம் வரை அந்தத் தண்ணீரைக் குடித்தோம்? என்னென்ன மீன் இருந்தது? தண்ணீர் என்ன நிறம்? மீன்கள் செத்து மிதந்தது எப்போது, எதனால்? இந்த நாலும் போதும். அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்று எழுந்து போய்விட்டார்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

உன் தங்கை,
தவக்களை


பிப்ரவரி 3

அன்புள்ள தவக்களைக்கு,

நான் நலம். உங்கள் நால்வரின் நலத்துக்கும் என் ஆசை. இருமல் போய்விட்டது. நேற்று மழை 4.2.

சிரிக்கவில்லை. வாராந்திர ஜீப் உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது நான் வானிலை நிலையத்து அளவீட்டுக் கூண்டின் கதவைத் திறந்து வைத்திருந்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். எட்டரை மணிக்கு எழுத வேண்டிய வெப்பநிலையை எட்டு முப்பத்தொன்பதுக்கு எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் இது முதல் தடவை. தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'தங்கை' என்று எழுத முடியாதே, காலியாக விட்டேன்.

உன் பேராசிரியர் நல்லவர். அவருக்குச் சொல்: நீ மூன்றாம் வகுப்பு முடிக்கும் வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். கிழக்குப் படியில் குடிக்க, மேற்குப் படியில் துவைக்க. அம்மா கிழக்குப் படியில் இறங்கும்போது செருப்பை மேலேயே விட்டுவிடுவாள். கெண்டை இருந்தது, கெளுத்தி இருந்தது, பெயர் தெரியாத வெள்ளிப் பொடி மீன்கள் காலைக் கடித்துக் கூச்சம் காட்டும். நிறம்? கழுத்தளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் கால்விரல் பத்தும் தெரியும். நீ எண்ணிப் பார்த்து ஒன்பதுதான் இருக்கிறது என்று அழுவாய். ஐந்தாவது படியிலிருந்து கண்ணைப் பிதுக்கிக்கொண்டு நீ குதிக்கும் அழகைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வைத்தேன்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. ஆலைக் கழிவு முதலில் தெளிவுக் குட்டைக்கு வரும். ஐந்து நாள் நின்று, சக்கை அடியில் தங்கி, மேல் நீர் தெளிந்த பிறகு அப்பா வால்வைத் திறந்து ஏரிக்கு விடுவார். இரும்புச் சக்கரம், முப்பத்திரண்டு சுற்று. கடைசி இரண்டு சுற்றை எனக்கு விட்டுத் தருவார். கையில் துரு வாசனை சாயங்காலம் வரை இருக்கும். அந்த வாசனைக்காகவே நான் கை கழுவாமல் இருந்திருக்கிறேன்.

நாலாவது கேள்விக்கு என் ஞாபகத்தை நம்பாதே. பதினேழு வயதில் எனக்கு வேறு கவலைகள்.

அப்பாவின் காதில் எண்ணெய் கிண்ணெய் விடாதே. மருத்துவரிடம் காட்டு.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குக் காது மருத்துவர் ஒரு கருவி கொடுத்தார். அதை வலது காதில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் கேக்குது" என்கிறார். நல்ல காது அதுதானே!

உன் கடிதத்தை அப்படியே ஒரு அத்தியாயத்தில் சேர்த்தேன். கால்விரல் கதைக்குப் பக்கத்தில் பேராசிரியர் சிவப்பில், "கலங்கல் அளவுக்கு இதைவிட நல்ல விளக்கம் பாடநூலில் இல்லை" என்று எழுதியிருக்கிறார்! ஆனால் கடைசியில், "மீன்கள் செத்த சம்பவம்தான் உங்கள் ஆய்வின் நடு. அது ஏன் வெறும் இரண்டு வரி?" என்றும் கேட்டிருக்கிறார்.

மறுபடி கேட்கிறேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதும், கொஞ்ச நாளில் லாரியில் சாமான் ஏற்றியதும்தான். அம்மா கேட்டவர்களிடமெல்லாம் "மாற்றல்" என்றாள். மாற்றலாகிப் போன மனிதர் ஏன் மரக்கிடங்கில் காவலாளியாக உட்கார்ந்தார்? அம்மா இருக்கும்போது எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வேடிக்கை. நான் அலுவலகம் போனதும் அப்பா என் பாடப் புத்தகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். நாலாம் பாகத்தில் தெளிவுக் குட்டைப் படத்தில் நீர் நுழையும் இடத்தை அடித்துவிட்டு, பென்சிலில் வேறு இடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார். பக்கத்தில் 'தவறு' என்று வேறு. பேராசிரியர்கள் எழுதின புத்தகம்!

ஆலை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதன் காகிதங்கள் அந்த ஊர்ச் சுகாதார அலுவலகத்தில் இருக்கின்றனவாம். பார்க்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். அதற்குள் நீ எழுதிவிட்டால் எனக்குப் பஸ் பயணம் மிச்சம்.

தவக்களை


மே 20

அன்புள்ள தவக்களைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பருவமழைக்கு முன் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை.

யோசித்துப் பார்த்தேன். நீ இப்போது இருக்கிற ஊரிலேயே கெட்டுப்போன குளம் நாலு இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. பழைய கோப்பில் தூசியைத் தவிர ஒன்றும் கிடைக்காது, உனக்குத் தூசி ஆகாது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பது உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

இரண்டரை மாதம் காத்திருந்து நாலு வரி வாங்கினேன். தூசி ஆகாது என்கிறாய். பதினாலு வருடமாகப் பதிவேடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கா?

போன வாரம் நேர்முக வகுப்புக்குப் போனேன். இத்தனை மாதமாகச் சிவப்பு மையாக மட்டுமே தெரிந்த பேராசிரியரை நேரில் பார்த்தேன். மீசை வைத்த, குரல் கனத்த ஒருவரை மனத்தில் வைத்திருந்தேன். வந்தது என்னைவிடச் சின்னப் பெண். கையில் மகனின் தண்ணீர் புட்டி. என்னைக் கண்டதும், "அந்தக் கால்விரல் எண்ணினது நீங்கதானே?" என்றார். வகுப்பில் முப்பது பேர். செவிலி ஒருவர், வனக்காவலர் ஒருவர், ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர். எல்லோரும் வேலைக்கு நடுவில், வீட்டுக்கு நடுவில் படிக்கிறவர்கள். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தபோது எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

ஏரியை மாற்றவா என்று அவரிடம் கேட்டேன். "உங்களுக்கு மாத்தணும்னு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார்.

அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் போகிறேன். உனக்குத் தெரியாமல் போக மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தங்கை


ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போய் வந்தேன். சுகாதார அலுவலகத்தின் பின்னறை, ஒரு ஜன்னல், நூல் கட்டிய கோப்புகள். பொறுப்பாளர் அம்மா எனக்கு முக்காலி போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டார். நம் ஏரியின் கோப்பு என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

அதில் மூன்று காகிதங்கள். முதலாவது ஒரு புகார்க் கடிதம். ஆலை நிர்வாகம் மழை நாட்களில், மழைநீரோடு கலந்து தெரியாமல் போகட்டும் என்று, தெளியாத கழிவை ஏரியில் திறந்துவிடச் செய்கிறது என்றும், அப்படித் திறந்த பதினொரு தேதிகள் இவை என்றும் இருக்கிறது. நாள், மணி, எத்தனை சுற்று, எல்லாம். இரண்டாவது ஆலையின் பதில்: 'வால்வுப் பணியாளர் தன்னிச்சையாகத் திறந்துள்ளார். அவர் பணி நீக்கம் செய்யப்பட்டார்.' அப்பாவின் பெயர். மூன்றாவது, 'நடவடிக்கை எடுக்கப்பட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது' என்று ஒரு ரப்பர் முத்திரை. 'மேலே' போகும் புகார் என்ன ஆகிறது என்று பதினாலு வருடமாக யோசித்தேன். இப்படித்தான் ஆகிறது.

புகாரில் பெயர் இல்லை. நோட்டுப் புத்தகத் தாளில், நீல மையில். 'மழை' என்ற வார்த்தை பதினொரு தடவை வருகிறது. ஒவ்வொரு 'ழ'வின் வாலும் கோட்டுக்குக் கீழே இறங்கி, இடது பக்கம் சுழித்து, மறுபடி மேலே வருகிறது.

இருபத்தாறு வருடமாக மாதம் ஒரு கடிதத்தில் அந்த 'ழ'வைப் பார்க்கிறேன், அண்ணா. நேற்று மழை இவ்வளவு, இன்று மழை இவ்வளவு என்று.

நகல் எடுத்து வந்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டவில்லை. உன்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை


ஆகஸ்ட் 22

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

ஆமாம், நான்தான்.

அன்று காலை படிக்கட்டிலிருந்து எதிர்க்கரை வரை வெள்ளை வயிறுகள். தண்ணீர் கறுப்புத் தேநீர் மாதிரி. ஜனங்கள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்பா கரை மேல் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவர் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். 'மழை. மேலாளர் உத்தரவு. திறந்தேன்' என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தார். பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து நகல் எடுத்து, தபால் பெட்டியில் போட்டேன். மேலாளர் மாட்டிக்கொள்வார், ஏரி பிழைத்துக்கொள்ளும், அப்பாவுக்கு இனி யாரும் அப்படி உத்தரவு போட மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாடு கொண்டுபோனபோது விசில்கூட அடித்தேன்.

ஒன்பதாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதற்கடுத்த நாலாம் நாள் லாரி வந்தது.

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "எந்தப் படுபாவி எழுதினானோ" என்றாள். நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா மரக்கிடங்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை முதலில் பார்த்த அன்றுதான் இந்த மலை வேலைக்கு மனு எழுதினேன். உன் கல்யாணம், அம்மாவின் சாவு, இரண்டுக்கும் காலையில் வந்து அன்று மாலையே திரும்பியதற்கு நீ என்னைத் திட்டினாய். அவர் எதிரில் அதற்கு மேல் உட்கார முடியாது. "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இல்லாத வேலையைச் சொல்லி எழுந்துவிடுவேன்.

அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். உன் ஆய்வுக்கு அந்தக் கடிதம் வேண்டுமென்றால் பயன்படுத்திக்கொள். அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள், அது போதும்.

அண்ணன்


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். முதலில் உட்கார்ந்துகொள். கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்காதே.

நான் ஒளித்துத்தான் வைத்தேன், ஐந்தாம் பாகத்துக்குள். அப்பா ஐந்தாம் பாகத்துக்கு வந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து வந்தபோது சமையலறை மேசையில் நகலை விரித்து வைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இது யார் எழுத்துன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா."

"எனக்கும் தெரியும். அப்பவே தெரியும்."

கைப்பையைக்கூட இறக்காமல் நின்றேன். அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "மேலாளர் என்னைக் கூப்பிட்டு இதே தாளக் காட்டினாரு. 'இது யார் எழுத்துன்னு மட்டும் சொல்லு, வேலைல இருந்துக்கோ'ன்னாரு. தெரியாதுங்கன்னுட்டேன். அவன் எழுத்து எனக்குத் தெரியாதா? சிலேட்டுல 'அ' போடச் சொல்லிக் கொடுத்தவன் நானு."

"இத்தனை வருஷமா ஏம்பா அண்ணாகிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உன்னாலதான் போச்சுன்னா? அது அவன் எழுத வேண்டிய கடிதமே இல்ல. நான் எழுதியிருக்கணும். பதினொரு தடவை தொறந்த கை இது." கையை மேசை மேல் வைத்துப் பார்த்தார். "ஏரியக் கெடுத்தவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான் அவன் மலைல போய் உக்காந்துட்டான்னு நெனச்சேன். அதுல தப்பு சொல்ல என்ன இருக்கு?"

"பிடிக்காம இல்லப்பா. உங்க மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்லாமத்தான் வரல. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

அவர் தலையைத் திருப்பி, நல்ல காதை என் பக்கம் வைத்தார். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். காதில் விழாமல் இல்லை, அண்ணா. மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

உன் மாப்பிள்ளை வந்து விளக்குப் போடும் வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

தங்கை


செப்டம்பர் 28

தவக்களைக்கு,

பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்டோபர் 18 காலை அங்கே இருப்பேன். வருவதை அப்பாவிடம் நீயே சொல். நான் வந்து நிற்கும்போது அவர் திடுக்கிடக் கூடாது.

அண்ணன்


அக்டோபர் 30

அன்புள்ள அண்ணா,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? இந்த அநியாயத்தைக் கேள். இருபத்தாறு வருடத்தில் நீ பத்து நாள் விடுப்பு எடுத்தது ஒரே தடவை, அந்தப் பத்து நாளில்தான் எனக்கு வேறு ஊரில் தேர்வு, வாய்மொழித் தேர்வு, எல்லாம். முதல் நாள் உனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினவள் திரும்பி வந்தபோது, கொடியில் நீ மறந்துபோன துண்டு மட்டும் இருந்தது. தேர்வு நன்றாக எழுதினேன். இரண்டாம் தாளில் கழிவுநீர் விதிகள் வந்தன.

அப்பாவிடம், "என்னப்பா பேசினீங்க?" என்றேன். "வந்தான், இருந்தான், போனான்" என்கிறார். உன் மாப்பிள்ளையைக் கேட்டால், "ரெண்டு பேரும் பஸ்ல எங்கேயோ போய்ட்டு வந்தாங்க. என்னைக் கூப்பிடல" என்கிறார். அப்பா ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். தினமும் முகச்சவரம் செய்துகொள்கிறார். யாருக்காக?

இன்னும் ஒரு மாதத்தில் ஆய்வேட்டை அனுப்ப வேண்டும். மறைக்காமல் எழுது.

தவக்களை


நவம்பர் 21

அன்புள்ள தவக்களைக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். இங்கே நல்ல மழை. துண்டு அங்கேயே இருக்கட்டும்.

முதல் மூன்று நாள் நாங்கள் மழையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். அவர் கேட்டார், "உங்க மலைல வருஷத்துக்கு எவ்வளவு மழை?" நான் சொன்னேன். "எப்படி அளக்கறே?" சொன்னேன். புனல் என்ன விட்டம், குடுவை என்ன உயரம், இரவில் பெய்தால் எப்படி, பனி விழுந்தால் எப்படி என்று விடாமல் கேட்டார். இந்த வேலையைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. நாலாம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வா, போலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

படிக்கட்டு இருக்கிறது, ஐந்தாவது படி உடைந்திருக்கிறது. ஏரி பாதிக்கு நாணல். தண்ணீர் தெளிவும் இல்லை, கறுப்பும் இல்லை, பாசிப் பச்சை. நாலைந்து நீர்க்கோழிகள். குடியிருப்பில் நம் வரிசையை இடித்துவிட்டார்கள். வால்வுச் சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாயின் வாய் மட்டும் இருக்கிறது. அப்பாவால் கரை ஏற முடியவில்லை. பின்னாலிருந்து தள்ளினேன். "மூட்டையாடா நான்?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து பாதிக் கரையில் நின்றுவிட்டோம்.

மேலே உட்கார்ந்த பிறகு சொன்னார். "நீ பதினொரு தேதி எழுதினே. பன்னண்டு உண்டு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"மீன் செத்தது அந்தப் பதினொண்ணுல இல்ல. அந்தப் பதினொண்ணும் மழை நாளு, தண்ணி நெறைய. இது நல்ல வெயில் நாளு. குட்டைல கழிவு வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு, விளிம்பு வரைக்கும் நெறஞ்சு நிக்குது. மாத்து ஆள் வரல. அப்படியே விட்டுட்டுப் போனா கரை ஒடைஞ்சிடும். போகாம இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தொறந்திருக்கலாம். ஆனா போகணும்னு இருந்துச்சு. முப்பத்திரண்டு சுத்தும் தொறந்து விட்டுட்டுப் போயிட்டேன். சாயங்காலம் வந்துதான் மூடினேன். யாரும் உத்தரவு போடல. அதனால நோட்டுல எழுதல."

குழாயின் வாயைப் பார்த்தபடியே, "தன்னிச்சையாத் தொறந்தான்னு எழுதினாங்களே, பதினொண்ணுக்கு அது பொய். பன்னண்டாவதுக்கு நெசம். உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு மட்டும் நான் வாயை மூடல. எனக்கும் சொல்ல வாய் இல்ல" என்றார்.

"எங்கேப்பா போகணும்னு இருந்துச்சு?" என்று கேட்டேன். அதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். சொல்லப் போகிறேன். இந்தக் குடும்பத்தில் ஒளித்து வைத்தது போதும். அன்று உன் பள்ளி ஆண்டு விழா. நீ நாடகத்தில் மரமாக நின்றாய். "ஒரு வார்த்தை பேசற வேஷம் இல்ல. ஆனா நான் வரேனான்னு தினமும் கேட்டா" என்றார்.

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்பாய். வெயில் ஏறியதும் என் துண்டை அவர் தலையில் போட்டேன். இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிலையம் வரை கையை எடுக்கவில்லை.

இதை ஆய்வேட்டில் எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். நீ எழுதாவிட்டால் நான் தவறாக நினைக்க மாட்டேன். உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரத்தில் இருக்கும் நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். இந்த முறை நிஜமான மாற்றல்.

அப்பாவை மாலையில் நடக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


டிசம்பர் 18

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதம் வந்த அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு விழாவில் கைகாலில் பச்சைக் காகிதம் ஒட்டி, மேடையின் ஓரத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். கூட்டத்தின் கடைசியில், சுவரோடு சாய்ந்து, ஆலைச் சீருடையில் அப்பா. ஈரக் காலணி. என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை கையை உயர்த்தினார். மரம் கையசைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார், நான் அசைத்துவிட்டேன். அவர் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அந்த ஒரு நாள்தான். மனசு சோர்ந்த போதெல்லாம் நான் எடுத்துப் பார்த்துக்கொள்ளும் நாள் அது. இனியும் பார்ப்பேன். ஆனால் அதற்குப் பின்னால் இனி மீன்களும் தெரியும்.

எழுதினேன். பன்னிரண்டு தேதிகளும். அப்பாவிடம் நேராகவே போய், "அண்ணா எல்லாத்தையும் சொல்லிட்டான். எழுதட்டுமாப்பா?" என்றேன். "அவன் வாய்ல எதுவுமே நிக்காது" என்று திட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தேதி, மணி, சுற்று எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். போன இடத்தைப் 'பணியாளரின் சொந்தக் காரணம்' என்று அடித்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "மகளோட நாடகம்னு போடு" என்றார். அப்படியே போட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் என் கருத்து வர வேண்டும். ஒரு ஏரியின் உயிரை ஒரே வால்வில் வைத்து, அந்த வால்வுக்கு ஒரே ஆளை வைத்து, அந்த ஆளுக்கு மாற்று வராவிட்டால் என்ன என்று ஒரு வரிகூட எழுதி வைக்காத விதிதான் ஏரியைக் கொன்றது என்று எழுதினேன். எந்த விதியும் அதைக் காக்கிறவனுக்கு வீடு உண்டு, பிள்ளை உண்டு என்று தெரிந்து எழுதப்பட வேண்டும் என்றும் எழுதினேன். அதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "எனக்காக வளைச்சு எழுதாதே" என்றார். "வளைக்கலப்பா" என்றேன். நான் வளைக்கவில்லை, அண்ணா. பேராசிரியரின் சிவப்பு மைக்கு அது தெரியும்.

நேற்று தபால் நிலையத்துக்கு அப்பாவும் வந்தார். பொட்டலத்தைத் தானே தூக்கி வருவேன் என்று அடம். வரிசையில் நின்று, சாளரத்தில் வைத்து, "இது எப்போ போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

"நாலு நாள்ல போயிடும் பெரியவரே" என்றார் சாளரத்தில் இருந்தவர்.

"நாலே நாளா?" என்றார் அப்பா. சாளரக்காரர் முத்திரை குத்தினார், பொட்டலத்தைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்பா நகரவில்லை. சாக்கின் வாயைக் கட்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ வரும் தேதி தெரிந்ததும் எழுது. முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம்.

உன்,
தவக்களை